பசையில்லாத வளையம்

ராக்கெட்டின் வலது கை இனி வேலைக்கு ஆகாது என்று முதலில் முடிவு செய்தவர், அட்டைப்பெட்டி கம்பெனியின் மேனேஜர். டாக்டர்கள் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் மனிதர் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில், எப்போது எழுந்து ஓடலாம் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"பாவம்மா நீ. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே என்ன பண்ணப்போற? நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உனக்கும் கௌரவம், எங்களுக்கும் சங்கடம் இல்ல."

"எழுதற கைதான சார் இது? அதையே உங்க மெஷின் கடிச்சுடுச்சே. எப்படி எழுதிக் குடுக்கறது?" என்றாள் ராக்கெட்.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன், சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். அவர் குழாய் வேலை செய்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் குழாய்க்காரர்தான்.

ராக்கெட் என்பது அவளுக்குக் கம்பெனி வைத்த பெயர். பத்தொன்பது வயதில் ஒட்டுப் பிரிவில் சேர்ந்தவள். மற்றவர்கள் அட்டையை எடுத்து எந்தப் பக்கம் மடிப்பு என்று பார்ப்பதற்குள், அவள் தூரிகையால் ஒரு கோடு பசை இழுத்து, மடித்து, அழுத்தி, பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பாள். பிறகு ஒட்டுவதற்கு மெஷின் வந்தது. ஒட்டுகிற பெண்களையெல்லாம் வெட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருக்கும் மெஷின், ஆளுயரப் புத்தகம் ஒன்றை யாரோ ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ஒரு பக்கத்தில் பெட்டியின் வடிவத்தில் கத்திகள். புத்தகம் திறந்திருக்கும் இடைவெளியில் வெட்டிய அட்டையை உருவி, புது அட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

கையை எடுக்கத் தவறினால் மெஷினை நிறுத்துவதற்கென்று குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை உள்ளே இருந்தால் கம்பி தள்ளப்படும், மெஷின் நின்றுவிடும். ஆனால் அது சட்டைக் கை பட்டாலும் நிற்கும், அட்டை கொஞ்சம் கோணினாலும் நிற்கும். நின்றால் உற்பத்தி குறையும். அதனால் ஒரு விடுமுறை நாளில் எல்லா மெஷின்களிலிருந்தும் கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள். கேட்டதற்கு ரிப்பேர் என்றார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கெட் மட்டும் தினமும் காலையில் மேனேஜர் வரும்போது, வணக்கம் சொல்கிற குரலில், "ரிப்பேர் முடிஞ்சுதா சார்?" என்று கேட்பாள். கொஞ்ச நாளில் பிரிவு முழுக்க அதுவே காலை வணக்கமாகிவிட்டது. மேனேஜர் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்.

கடைசியில் மெஷின் கடித்ததும் அவள் கையைத்தான். எலும்பு கூடிவிட்டது. அறுந்த நரம்பைத் தைத்துவிட்டார்கள். ஆனால் கட்டைவிரல் மரக்குச்சி மாதிரி விறைத்து நின்றது. ஆள்காட்டி விரலைத் தேடிப் போய்ப் பாதி வழியில் திரும்பிவிடும்.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "வேகமா வேலை செய்யறாங்கன்னு ஊரே பேசுச்சே அண்ணி, கண்ணு பட்டுடுச்சு" என்றாள். மந்திரித்த கயிறு ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். கண் படவில்லை, இரும்பு பட்டது. அந்த இரும்புக்கு முன்னால் இருக்க வேண்டிய இன்னொரு இரும்பை ஒருவர் தெரிந்தே கழற்றி வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்வதைவிடக் கண்ணைச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. கண் மேல் யாரும் வழக்குப் போட முடியாதல்லவா?

"இந்தக் கயித்தக் கொண்டுபோய் மெஷினுக்குக் கட்டு. கடிச்சது அதுதான்" என்றாள் ராக்கெட்.

நாத்தனார் கோபித்துக்கொண்டு, கயிற்றைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

கம்பெனியிலிருந்து அடுத்த தகவல் வந்தது. மருத்துவ விடுப்பு முடியும் நாளில் கம்பெனி அனுப்பும் டாக்டர் கையைப் பரிசோதிப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடிக்க முடிந்தால் வேலை. முடியாவிட்டால் 'உடல் தகுதியின்மை'. இருபத்து நாலு வருஷ வேலை இரண்டு விரலுக்கு நடுவே வந்து நின்றது.

பொது மருத்துவமனையின் பின்கட்டில் பயிற்சி அறை. அங்கே இருந்த பிசியோ, ராக்கெட்டைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். வாயில் எப்போதும் பேனா மூடி. அவள் கொடுத்தது ஒரு ரப்பர் பந்து. அழுத்து, விடு. அழுத்து, விடு.

"ஏம்மா, இத்தனை நாள் அமுக்கினதுக்கு ஒரு பெட்டியாவது வெளிய வந்திருக்கணுமே?" என்றாள் ராக்கெட்.

"பந்து பெட்டி போடாதுக்கா."

"அதான் கையும் கேக்கமாட்டேங்குது. சும்மா அமுக்கிப் பழக்கமில்ல அதுக்கு."

அந்த அறையின் ஜன்னலோரம் காகிதத்தில் செய்த அன்னம் ஒன்று இருந்தது. முன்பு வந்த யாரோ ஒரு நோயாளி விட்டுப்போனது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இறக்கையாகி, கழுத்தாகி வளைந்து நின்றது. ராக்கெட் அதை இடது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழில்காரப் பார்வை. பசை எங்கே வழிந்திருக்கிறது என்று தேடினாள். எங்கும் வழியவில்லை. சுத்தமான வேலை, பசையை உள்ளே போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டாள். கேட்கவில்லை. கால் நூற்றாண்டு காகிதம் ஒட்டியவள், போயும் போயும் பசையைப் பற்றியா இன்னொருத்தியிடம் கேட்பாள்?

"முப்பரிமாண ஓரிகாமின்னு சொல்வாங்கக்கா. எல்லாம் ஒரே முக்கோணம்தான். மடிக்கக் கத்துக்கிட்டா மத்ததெல்லாம் அடுக்கறதுதான். உங்களுக்கு இது பந்தைவிட நல்லது" என்று பிசியோ போனில் ஒரு வீடியோவை அனுப்பிவைத்தாள். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

வீடியோவில் முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். பின்னால் ஒரு பெண் அவளுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். ராக்கெட் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள்.

ஒரு வெள்ளைத் தாளைச் சீட்டுக்கட்டைவிடச் சிறிய துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டை நீளவாக்கில் பாதியாக மடி. அதைக் குறுக்கே பாதியாக மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினால், ஒரு கூரையும் அதன் கீழே இரண்டு காலும். திருப்பிப் போட்டு, காலின் முனைகளை உள்ளே மடித்து, காலை மேலே ஏற்றி, மொத்தத்தையும் நடுவில் மடக்கினால் ஒரு தடித்த முக்கோணம். அதற்கு இரண்டு கூர்முனை, பின்பக்கம் இரண்டு பை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முக்கோணங்களின் முனைகள், மேலே வரும் முக்கோணத்தின் இரண்டு பைகளுக்குள் போக வேண்டும். அவ்வளவுதான் மொத்த வித்தையும்.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் குழாய்க்காரரின் குறடும் வளைகுழாயும், மறு பாதியில் ராக்கெட்டின் காகிதம். முதல் நாள் மடித்த முக்கோணங்கள் எதுவும் இன்னொன்றின் சாயலில் இல்லை. விறைத்த விரல் மடிப்பின் மேல் ஓடாமல் வழுக்கியது. இடது கை பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனாலும் ஒரு வாரத்தில் பழைய ராக்கெட் எட்டிப் பார்த்தாள். மேஜையில் முக்கோணங்கள் குவிந்தன. புருஷனும் உட்கார்ந்தார். அவர் மடித்தது, சட்டைப் பையில் துவைத்துக் காய்ந்த பில் மாதிரி இருந்தது.

"இது என்னங்க?"

"முக்கோணம்."

"எந்த ஊர்ல? நீங்க குழாயே பாருங்க, போங்க."

அடுக்க ஆரம்பித்ததும் அவள் முதல் வேலையாகப் பசை டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு பையிலும் ஒரு சொட்டு. முனை உள்ளே போனது, பிடித்துக்கொண்டது. என்ன சுகம்! மூன்று வரிசை ஏறியது, வரிசையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வளையமாக்கினாள். மேலே ஏறி நின்று ஆடினாலும் கலையாத வளையம். எதிர்வீட்டுக்காரி கேட்டால் காட்டலாம் என்று கூடத்தில் வைத்தாள்.

வீடியோவின் அடுத்த கட்டம்தான் வம்பாயிற்று. அந்தக் கைகள் தட்டையான வளையத்தைப் பிடித்து, தொப்பியின் விளிம்பைத் திருப்புவதுபோல் மெதுவாக உள்வெளியாகத் திருப்பின. வளையம் கிண்ணமாயிற்று. ராக்கெட்டின் வளையம் மசியவில்லை. பலகை மாதிரி நின்றது. கொஞ்சம் அழுத்தினாள், முனகியது. இன்னும் அழுத்தினாள், ஓர் ஓரம் டப்பென்று கிழிந்து கையோடு வந்தது. புதிதாக ஒன்று செய்தாள். பசை போதவில்லையோ என்று இன்னும் தாராளமாகப் போட்டாள். அது இன்னும் பெரிய பலகையாயிற்று.

கோபத்தில் அந்தக் கிழிந்த வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சி அறைக்குப் போனாள். கெட்டுப்போன சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி மேஜையில் வைத்தாள்.

"உன் வீடியோ பொய் சொல்லுது."

பிசியோ வளையத்தை மோந்து பார்த்தாள். "அக்கா... இதுல பசை போட்டீங்களா?"

"போடாம? பசை இல்லாம எது நிக்கும்?"

பிசியோ சிரித்தாள். பிறகு ராக்கெட்டின் விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. போன முறை அளந்த இடத்திலேயே விரல் நின்றிருந்தது.

"இதுல பசையே கிடையாதுக்கா. ஒண்ணை ஒண்ணு இறுக்கித்தான் நிக்கணும். அதை இறுக்கறதுக்குத்தான் கட்டைவிரலும் இந்த விரலும் சேர்ந்து தள்ளணும். அதுக்காகத்தான் நான் குடுத்தேன். விரல் செய்ய வேண்டிய வேலையப் பசை செஞ்சிடுச்சு. விரல் பாட்டுக்குத் தூங்கியிருக்கு."

ராக்கெட் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாட்களை எண்ணிக்கொண்டே வந்தாள். விடுப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. விரலுக்கென்று கொடுத்த நாட்களைப் பசைக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் வேறு யாரும் இல்லை, அவளே. மெஷின் கடித்த அன்று வராத அழுகை அன்று சாயங்காலம் வந்தது.

குழாய்க்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். "கசிவுக்கு நூல் சுத்தாம ஒரு குழாய மாட்டச் சொன்னா நானும் மாட்டமாட்டேன்தான்" என்றார். "கை அப்படிப் பழகிடுச்சு. உன் கைக்குப் பசை. அதுல என்ன?"

"டாக்டர் கேட்டா இதைச் சொல்லவா? என் கை பசைக்குப் பழகினதுங்கன்னு?"

"இன்னும் நாள் இருக்கில்ல? அந்த டப்பாவ எங்கிட்டக் குடு. நான் வேலைக்குப் போற பையில வெச்சிக்கறேன். ஆத்திரத்துல மறுபடி திறந்துடுவ."

அவள் கொடுத்துவிட்டாள். இனி இடது கை வளையத்தைத் தாங்க மட்டும், தள்ளுவது வலது கை மட்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டாள்.

பசை இல்லாமல் முதல் இரண்டு வரிசையை நிறுத்துவது, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை வரிசையில் நிற்கவைப்பது மாதிரி. ஒன்றைச் செருகினால் இரண்டு நழுவும். பிடிக்கப்போனால் நாலு விழும். அவள் மின்விசிறியை அணைத்தாள். வேர்த்துக் கொட்டியது. புருஷன் தும்மப்போக, "வெளிய போய்த் தும்முங்க!" என்று கத்தினாள். அவர் பாதித் தும்மலோடு தெருவுக்கு ஓடினார். கட்டைவிரலின் அடியில் வலி நூல் இழுப்பதுபோல் இழுத்து முழங்கைவரை போனது. பிசியோ சொல்லியிருந்தாள், இழுக்கிற வலி நல்லது, குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று. ராக்கெட் அந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிசை ஏறியபோதுதான் அது நடந்தது. மேலே வந்த முக்கோணம், கீழே இருந்த இரண்டையும் கவ்விக்கொண்டது. அதன் பக்கத்தில் வந்தது அடுத்த இரண்டைக் கவ்வியது. வரிசை சுற்றி முடிந்ததும் மொத்தமும் இறுகியது. தூக்கினாள். கலையவில்லை. லேசாக ஆட்டினாள். ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் அசைந்துகொடுத்து, அசைந்த இடத்திலேயே நின்றது. இரண்டு உள்ளங்கையிலும் வளையத்தை ஏந்தி, கட்டைவிரல்களை உள்ளே கொடுத்து, விளிம்பை மெல்ல வெளியே தள்ளித் திருப்பினாள். சரசரவென்று ஒரு சத்தம். வளையம் எழுந்து கிண்ணமாக நின்றது.

"ஏங்க! வாங்க இங்க! தும்மிட்டே வாங்க, ஒண்ணும் ஆகாது!"

அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. வரிசைகள் ஏறின. இறக்கைகளுக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். அவள் ஒரு பக்கம் குறைக்க மறந்ததால் அன்னத்துக்கு ஓர் இறக்கை கோட்டுப் போட்ட தோள் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. கழுத்துக்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வளைக்க வேண்டும். கழுத்து வளைந்தது, கூடவே தொங்கியது.

"அன்னமா இது? சம்பளம் வராத கொக்கு மாதிரி இருக்கே" என்றார் குழாய்க்காரர்.

"வாய மூடுங்க. பசையில்லாம நிக்குதில்ல?"

ராக்கெட் கழுத்தைப் பிரித்து மறுபடி செருகினாள். இந்த முறை ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அடிவரை தள்ளினாள். எதற்காகப் பிரித்தோம் என்பதை மறந்து இரண்டு மூன்று தள்ளிய பிறகுதான் கவனித்தாள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு காகிதத்தின் கனம்தான்.

நாத்தனார் வந்தாள். அன்னத்தைப் பார்த்தாள், விரல் மடங்குவதைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா அண்ணி! கயிறு வேலை செஞ்சுடுச்சு!"

"ஆமாடியம்மா. ஆணியில தொங்கிக்கிட்டே வேலை செஞ்சிருக்கு" என்றாள் ராக்கெட். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். கயிறு போட்ட இடத்தில் அப்படியே தூசி பிடித்துத் தொங்கியது. அவளும் சிரித்துவிட்டாள். "சரி, எனக்கும் அந்த முக்கோணம் எப்படின்னு சொல்லுங்க."

பரிசோதனை நாளன்று கம்பெனி அலுவலக அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். மேஜையிலிருந்து ஒரு தடித்த அட்டைச் சீட்டை எடுத்து, ராக்கெட்டின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார். "நான் இழுப்பேன். விடாதீங்க."

இழுத்தார். சீட்டு வழுக்கிக்கொண்டு அவர் கைக்கே போய்விட்டது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ராக்கெட் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க வேர்வை.

டாக்டரும் பார்த்தார். "பயப்படறீங்க. துடைச்சுக்கோங்கம்மா" என்றார்.

அவள் புடவையில் கையை அழுத்தித் துடைத்தாள். சீட்டு மறுபடி வந்தது. இந்த முறை அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. முக்கோணத்தை அடிவரை தள்ளுகிற அந்த இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டாள். டாக்டர் இழுத்தார். இன்னும் இழுத்தார். சீட்டு வளைந்தது. வரவில்லை.

"பிடிக்குது" என்றார் டாக்டர்.

மேனேஜர் நிமிர்ந்தார். "பிடிக்கலாம் சார். ஆனா கை இன்னும் மெதுவாத்தானே இருக்கும்? மெஷினுக்கு ஈடு குடுக்க முடியாது. லேசான வேலை வேற எதுவும் எங்ககிட்ட இல்ல."

"அந்தத் தடுப்புக் கம்பிய மாட்டுங்க சார். அப்புறம் அதுவே லேசான வேலைதான்" என்றாள் ராக்கெட்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "என்ன கம்பி?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிப்பேர் என்று ஆரம்பித்தார். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். மேனேஜருக்குத் தேதி நினைவில்லை. ராக்கெட்டுக்கு நினைவிருந்தது, சொன்னாள். டாக்டர் குனிந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: வேலைக்குத் தகுதி உண்டு, பாதுகாப்புத் தடுப்பு பொருத்திய மெஷினில் மட்டும். அவளை வெளியே தள்ளுவதற்காகக் கூப்பிட்ட டாக்டர் கையாலேயே அது எழுதப்பட்டது.

திங்கட்கிழமை காலை ராக்கெட்டின் மெஷினில் கம்பி இருந்தது. அவள் மெஷினில் மட்டும். மேனேஜர் முன்வாசல் வழியாகவே வந்தார். சிரித்தார். "போதுமாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து மெஷின்காரி, மூக்குக் கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்று பெயர் வாங்கியவள், சுவிட்சை அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். "எங்க கையெல்லாம் என்ன சார், ரப்பரா? கடிச்சா துள்ளிக்கிட்டு வந்துடுமா?"

அடுத்த மெஷின்காரியும் கையை எடுத்தாள். அதற்கடுத்தவளும். யாரும் கோஷம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். இத்தனை காலம் ஒவ்வொருவராகப் பயந்திருந்தார்களே, அந்தப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, அந்தப் பிரிவில் முதல்முறையாக வெளியே லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. மேனேஜர் ஒருமுறை கத்தினார். ஒருமுறை கெஞ்சினார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் ஸ்டோர் ரூமிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மாட்டினான். ரிப்பேர் என்று எதுவும் இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. தூசி தட்டினால் போதுமாக இருந்தது. அன்று மதியம்வரை பெட்டிகள் குறைவாகத்தான் வெட்டப்பட்டன. அதனால் உலகத்தில் எதுவும் நின்றுவிடவில்லை.

கண்ணாடியின் மெஷினுக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு கையும் போதவில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஸ்பேனர். சுற்றிப் பார்த்தவன், கிட்டத்தில் நின்ற ராக்கெட்டிடம், எந்தக் கை என்றெல்லாம் யோசிக்காமல், ஸ்பேனரோடு பிடித்திருந்த நட்டை நீட்டினான்.

"அக்கா, இந்த நட்டைக் கொஞ்சம் பிடியேன். கீழ விழுந்தா தேட முடியாது."

அவள் வலது கையால் வாங்கி, போல்ட்டின் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கேன். நீ முடுக்கு."